மெட்டல் டிடெக்டரை வைத்து 1700களின் பாட்டில் கண்ணாடி தேடுவது: குப்பைக்குழியை எப்படிப் பிடிப்பது?

கல்சுவர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தனியார் காட்டு நிலம். கல் அடுக்கிய பழைய நிலவறைக் குழி ஒன்று, அதை ஒட்டிச் சரிந்து கிடக்கும் புகைபோக்கி அடித்தளம். பத்திரங்களின்படி 1740களில் இங்கே வீடு இருந்திருக்கிறது. நிலத்துக்காரர் எழுத்தில் அனுமதி தந்துவிட்டார். டிடெக்டர் என் கூட்டாளியுடையது: மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, 11 அங்குலக் காயில் (தரைக்கு மேல் வீசும் வட்டத் தட்டு). மண்வெட்டியும் சல்லடையும் என் பொறுப்பு.

எனக்கு வேண்டியது கண்ணாடி, அந்தக் கரும்பச்சை ஒயின் பாட்டில்கள். அவருக்கு வேண்டியது காசும் பித்தானும். எங்கே வைத்தாலும் ஆணி கத்துகிறது என்று இரும்புக்குச் சத்தமே வராதபடி டிடெக்டரில் அடைத்துவிட்டுத் தேடுகிறார். அவர் தோண்டிய இடத்தில் தற்செயலாக வரும் சில்லுகளை நான் பொறுக்குகிறேன். இதுவரை ஒரு அடிப்பாகம், ஒரு கழுத்து, கைநிறையச் சில்லு. அடிப்பாகம் வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் 'டிக்' என்று விரிசல் விட்டது. கழுத்தைக் கழுவி வெயிலில் வைத்ததில், மேலிருந்த வானவில் நிறத் தோல் மீன் செதில் மாதிரி உதிர்ந்துவிட்டது.

டிடெக்டர் கண்ணாடியைக் காட்டாது என்று தெரியும். அதை வைத்தே குப்பைக்குழியைப் பிடிக்க வழி உண்டா? உடையாமல் எடுப்பது எப்படி? எந்தக் காலத்துப் பாட்டில் என்று கணிப்பது எப்படி?

செம்புக்காசு எழுதியது:

இரும்பை அடைச்சதுதான் கோளாறு. கண்ணாடி தேடுறவங்களுக்கு இரும்புதான் வழிகாட்டி. உடைஞ்ச பாட்டிலை எறிஞ்ச அதே இடத்துலதான் வளைஞ்ச ஆணி, ஓட்டை இரும்புச் சட்டி, முறிஞ்ச கத்தி எல்லாத்தையும் எறிஞ்சாங்க.

நூல் கட்டி நிலத்தை 5 அடிக்கு 5 அடிக் கட்டமாப் பிரிங்க. ஈக்வினாக்ஸ்ல குதிரைலாடப் படம் போட்ட பட்டனை அழுத்தினா ஆல் மெட்டல் வரும், அதாவது இரும்பு உட்பட எல்லா உலோகத்துக்கும் சத்தம் வரும். −9 முதல் 0 வரை காட்டுறது இரும்பு. ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமா ஒரு தடவை வீசி, எத்தனை இரும்புச் சத்தம்னு எண்ணித் தாள்ல அதே கட்டத்துல எழுதுங்க. எண்ணி முடிக்கிற வரைக்கும் தோண்டவே கூடாது. எண்ணுறது மட்டும்தான் வேலை.

வீடு நின்ன இடத்தைச் சுத்தி எண்ணிக்கை எங்கேயும் அதிகமா இருக்கும். அது பலகைச் சுவர் இத்துப்போய் விழுந்த ஆணி, அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல. தள்ளிப் போகப் போக எண்ணிக்கை இறங்கும். இறங்கிக்கிட்டே வந்து, திடீர்னு ஒரு கட்டத்துல ஏறுதா? அங்கே கொடி நடுங்க. அந்த ஏத்தத்துல இரும்போட ஈயம், பியூட்டர் (வெள்ளீயக் கலவை), பித்தளைச் சத்தமும் கலந்து வந்தா கிட்டத்தட்ட உறுதி. சுவர் விழுந்த இடத்துல ஆணி மட்டும்தான் இருக்கும். வீட்டுக் குப்பைன்னா எல்லாம் கலந்திருக்கும்.

முதல் கட்டங்களைப் பின்வாசல்ல இருந்து போடுங்க. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடியேறிகள் பல இடங்கள்ல குப்பையைத் தூரமா எடுத்துட்டுப் போகல, வாசல் பக்கத்துலயே வீசினாங்க. வட கரோலினாவுல பிரன்ஸ்விக் டவுனை அகழ்ந்த ஸ்டான்லி சவுத் இதைத் தெளிவாக் காட்டியிருக்கார். அடுத்து பார்க்க வேண்டியது இறக்கமான சரிவும் கல்சுவரோட அந்தப் பக்கமும். பழைய கிணறு இருந்தா மேலே இருந்து பாருங்க, உள்ளே மட்டும் இறங்காதீங்க.

ஆணிக்கூட்டத்துக்குள்ள 11 அங்குலக் காயில் ஒரே நேரத்துல நாலஞ்சு ஆணியைப் பார்த்துக் குழம்பும். 6 அங்குலக் காயில் போட்டா ஆழம் குறையும், ஆனா ஆணிக்குப் பக்கத்துல இருக்கிற பித்தானைத் தனியாச் சொல்லும். கூட்டாளிக்கும் அதுல லாபம்தான். நீங்களும் ஒரு டிடெக்டர் எடுத்துட்டுப் போனா 30 அடியாவது விலகி நில்லுங்க, ரெண்டு பேரும் நாய்ஸ் கேன்சல் (குறுக்கீட்டைக் குறைக்கிற அமைப்பு) பண்ணுங்க. இல்லன்னா ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுல விழும்.

அனுமதிக் கடிதத்துல 'உலோகம்'னு மட்டும் இருக்கான்னு பாருங்க. கண்ணாடி, மண்பாண்டம் எல்லாம் பேர் சொல்லி இருக்கணும், யாருக்கு எது சேரும்னும் இருக்கணும். நிலத்தோட எல்லையையும் உறுதிப்படுத்துங்க. பக்கத்துல மத்திய அரசு நிலம் இருந்து அதுல கால் வெச்சீங்கன்னா, 1979 தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் 100 வருஷத்துக்கு மேல பழசான தொல்பொருளுக்கெல்லாம் பொருந்தும். உடைஞ்ச பாட்டிலும் அதுல சேரும்.

மண்ணடுக்கு எழுதியது:

கொடி நட்ட பிறகு உடனே மண்வெட்டியை எடுக்காதீர்கள். முதலில் மண்ணுக்குள் அழுத்திப் பார்க்கும் புரோப் கம்பி. 4 அடி நீளம், 3/8 அங்குலக் கனத்தில் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, மேலே 'டி' வடிவக் கைப்பிடி, நுனியில் கம்பியைவிடச் சற்றே பருத்த உருண்டை. நுனி பருத்திருந்தால் கம்பியின் உடல் மண்ணில் உரசாது, நுனியில் படுவது மட்டும் கைக்குத் தெரியும். குத்தக் கூடாது. உடல் எடையைக் கொடுத்து மெதுவாக அழுத்த வேண்டும்.

கல் என்றால் மொத்தென்று நிற்கும். செங்கல் நறநறக்கும், நுனியில் சிவப்புத் தூள் ஒட்டி வரும். சாம்பல் அடுக்கு என்றால் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல் சட்டென்று போகும், நுனி கருப்பாக வரும். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு 'கிரிச்' என்று மெல்லிய ஓசை கைப்பிடி வரை ஏறும். அந்த ஓசை வந்ததும் நிறுத்திவிடுங்கள், இரண்டாவது முறை அழுத்தினால் நீங்களே உடைத்துவிடுவீர்கள். கனெக்டிகட் மண் பனியாறு விட்டுப் போன கல் நிறைந்தது. பத்தில் எட்டு முறை கல்தான் படும். பொறுமையாக அரை அடிக்கு ஒரு அழுத்து என்று போங்கள். நீங்கள் தேடுவது கண்ணாடியைவிட அந்த மென்மையான கருப்பு மண்.

தோண்டும்போது புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்து வையுங்கள். மண் முழுவதும் தார்ப்பாயில் விழட்டும். கண்ணாடி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இறங்காமல், ஒரு அடி தள்ளி ஒரு பள்ளம் எடுத்து, அதிலிருந்து பக்கவாட்டில் நெருங்குங்கள். கடைசி 4 அங்குலத்துக்கு இரும்பு வேண்டாம், மூங்கில் சீவலும் பிரஷும் போதும். கழுத்து தெரிந்தவுடன் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பழைய பாட்டில்களில் தோள்பட்டையில் உறைபனி ஏற்படுத்திய மயிரிழை விரிசல் இருக்கும், அங்கேதான் கையோடு வரும். சுற்றிலும் மண் எடுத்து, அடியில் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும்.

உங்கள் அடிப்பாகம் விரிசல் விட்டதற்குக் காரணம் வெப்ப வேறுபாடு. மண்ணுக்குள் குளிர்ந்து கிடந்த கனமான கண்ணாடி வெயிலுக்கு வந்ததும் வெளிப்புறம் முதலில் விரிகிறது, உட்புறம் விரிவதில்லை. ஊதிய பிறகு சீராக ஆறாத கண்ணாடி என்றால் உள்ளுக்குள் ஏற்கெனவே இழுவிசை இருக்கும். எடுத்தவுடன் அதே ஈரமண்ணோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடியுள்ள பெட்டியில் நிழலில் வையுங்கள். மாலையில் வீட்டில் திறந்தால் போதும்.

ஒவ்வொரு 4 அங்குல ஆழத்துக்கும் கூட்டாளி பின்பாயின்ட்டரை (கையில் பிடிக்கும் சிறு டிடெக்டர்) குழியின் சுவரிலும் தரையிலும் ஓட்டட்டும். மண் 1/4 அங்குலச் சல்லடையில் போகட்டும். மிக முக்கியமானது: ஒரே அடுக்கில் வந்த கண்ணாடி, ஆணி, காசு, மண்பாண்டம் எல்லாம் ஒரே பையில், கட்ட எண்ணும் ஆழமும் எழுதி. கூட்டாளி காசைத் தனியாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், உங்கள் பாட்டிலின் வயதைச் சொல்லும் சாட்சி போய்விடும்.

வெட்டவெளிக் குப்பை பெரும்பாலும் 2 அடிக்குள் முடிந்துவிடும். கழிப்பறைக் குழியாக இருந்தால் ஆழம் போகும். இடுப்பளவுக்கு மேல் போனால் சுவரைச் சரிவாக வெட்டுங்கள். வேலைத்தலங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி 5 அடியில் முட்டுக்கொடுக்கச் சொல்கிறது, ஆனால் சாம்பலும் குப்பையும் நிரம்பிய மண் அதற்கு முன்பே சரியும். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். மனித எலும்பு போல் எது தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

கல்சுவர் எழுதியது:

மிக்க நன்றி. விரிசல் விட்ட அடிப்பாகத்தின் விவரம்: விட்டம் 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடி உள்நோக்கி ஆழமாகக் குவிந்திருக்கிறது, குவிந்த இடத்தில் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பான வட்டம். பக்கச்சுவர் 3 அங்குலம் மிஞ்சியிருக்கிறது, ஏறக்குறைய நேராக ஏறுகிறது. எங்கேயும் அச்சுக் கோடு இல்லை. வெறுமே பார்த்தால் கருப்பு, டார்ச் அடித்தால் ஆலிவ் பச்சை. கூடவே புகையிலை பிடிக்கும் களிமண் புகைக்குழாயின் தண்டு ஏழு துண்டும் வெளிர்மஞ்சள் பீங்கான் ஓடு ஒன்றும் வந்தன.

கருங்குப்பி எழுதியது:

அழகான துண்டு. சொரசொரப்பான வட்டம் பான்டில் வடு. கழுத்தை வேலை செய்யும்போது பாட்டிலைப் பிடிக்க அடியில் ஒட்டிய கம்பியின் தடம் அது. நுனியில் உருகிய கண்ணாடியோடு மணலைத் தொட்டு ஒட்டியதால் அந்தச் சொரசொரப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி வந்த பிறகு இந்த வடு மறைந்துபோனது. பச்சை நிறம் மணலில் இருந்த இரும்பால் வந்தது.

ஆங்கிலேய ஒயின் பாட்டிலின் வடிவம் சீராக மாறிக்கொண்டே வந்தது. 1650 முதல் 1680 வரை நீண்ட கழுத்தும் உருண்டை உடலும். அதன் பிறகு 1730 வரை வெங்காயம் போல் குட்டையாக அகன்றது. 1720களிலிருந்து பக்கச்சுவர் நேராகி, மரச் சுத்தியல் தலை போன்ற வடிவம். 1740களுக்குப் பிறகு மெல்ல மெலிந்து உருளை, படுக்கவைத்து அடுக்குவதற்கு அதுதான் தோது. பிரிஸ்டலின் ரிக்கெட்ஸ் நிறுவனம் அச்சில் ஊதக் காப்புரிமை பெற்றது 1821இல். உங்களுடையது 5 அங்குல அகலம், நேர்ச்சுவர், அச்சுக்கோடு இல்லை. சுத்தியல் வடிவம் என்று துணிந்து சொல்லலாம். 1720 முதல் 1750களுக்குள் செய்தது.

ஆனால் செய்த ஆண்டும் எறிந்த ஆண்டும் ஒன்றல்ல. கண்ணாடிப் பாட்டில் விலை உள்ள பொருள், பல வருடம் திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். குழியின் வயதைச் சொல்வது அந்த அடுக்கில் ஆகக் கடைசியாக வந்த பொருள். அந்த வெளிர்மஞ்சள் ஓடு கிரீம்வேர் (வெளிர்மஞ்சள் நிற ஆங்கிலேய மண்பாண்ட வகை) என்றால் குழி 1760களுக்கு முன் மூடியிருக்க முடியாது. கூட்டாளிக்கு அதே அடுக்கில் 1785இல் அச்சடிக்கத் தொடங்கிய கனெக்டிகட் செம்புக்காசு கிடைத்தால், குழி மூடியது 1785இலோ அதற்குப் பின்னோ. ஆணியையும் தூக்கி எறியாதீர்கள்: தலையில் சுத்தியல் அடித்த நாலைந்து முகம் ரோஜா போல் தெரிந்தால் கையால் அடித்தது, 1790களுக்குப் பிறகு இயந்திரம் வெட்டிய சதுர ஆணி பரவியது. உருண்டைக் கம்பி ஆணி வந்தால் அந்த அடுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பிறகோ கலைந்திருக்கிறது.

புகைக்குழாய்த் தண்டுக்கு டிரில் பிட் போதும். பிட்டின் பின்பக்கத்தைத் துளையில் நுழைத்துப் பாருங்கள். 6/64 அங்குலம் சரியாகப் போனால் 1680–1710, 5/64 என்றால் 1710–1750, 4/64 என்றால் 1750–1800. ஜே. சி. ஹாரிங்டன் 1954இல் வகுத்த கணக்கு இது. ஒரு துண்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஏழும் கொஞ்சம்தான், இன்னும் சேருங்கள்.

கழுவும் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நல்ல கண்ணாடி வீணாகிறது. மண்ணின் ஈரம் கண்ணாடியில் உள்ள காரத்தை நூறு நூறு ஆண்டுகளாகக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது வெங்காயத் தோல் போல் மெல்லிய சிலிக்கா அடுக்குகள். ஈரமாக இருக்கும்வரை இடைவெளியில் தண்ணீர் நின்று அடுக்குகளைப் பிடித்துவைக்கும். வெயிலில் தண்ணீர் வேகமாகப் போனதும் அடுக்கு பிரிந்து உதிரும். உங்கள் கழுத்துக்கு நடந்தது அதுதான்.

ஆகவே தோல் ஆடும் துண்டைக் கழுவவே வேண்டாம். மண்ணை மென்பிரஷால் ஒதுக்கி, மூடி லேசாகத் திறந்த பெட்டியில் இரண்டு மூன்று வாரம் நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகும் தோல் நிற்கவில்லை என்றால், பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துப் பிரஷ் நுனியால் தொட்டு வையுங்கள், அது தானே உள்ளே இறங்கும். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். உறுதியான துண்டை அறை வெப்பத் தண்ணீரில் கழுவி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர். வினிகர், ப்ளீச், ஆசிட், கம்பி நார் எதுவும் வேண்டாம். விரிசல் விட்ட அடிப்பாகத்துக்கு சூப்பர் குளூ போடாதீர்கள். அதே பிசினைக் கெட்டியாகக் கரைத்து ஒட்டினால், தவறாக ஒட்டினாலும் அசிட்டோனில் பிரித்துவிடலாம்.

கல்சுவர் எழுதியது:

தண்டில் ஐந்து துண்டுக்கு 5/64 சரியாகப் போகிறது, இரண்டுக்கு 4/64. ஒரு கேள்வி மட்டும் பாக்கி: பாட்டிலைச் சுழற்றி மெருகேற்றும் டம்ளர் இயந்திரத்தில் போட்டுப் பளபளப்பாக்கலாம் என்கிறார் கூட்டாளி. செய்யலாமா?

கருங்குப்பி எழுதியது:

வேண்டாம். செம்புக் கம்பித் துண்டும் மெருகுப் பொடியும் போட்டுச் சுழற்றினால் போவது அழுக்கு மட்டுமல்ல, பாட்டிலின் மேற்பரப்பே போகிறது. ஊதியவர் விட்ட சுருக்கமும் கருவித் தடமும் அதில்தான் இருக்கின்றன. 1900த்து சோடா பாட்டிலுக்கு யாராவது செய்தால் நான் தடுக்க மாட்டேன். இந்தத் துண்டுக்கு வேண்டாம். மயிரிழை விரிசல் உள்ளது இயந்திரத்துக்குள் இரண்டாகவும் போய்விடும்.

செம்புக்காசு எழுதியது:

5/64 அதிகம், கொஞ்சம் 4/64ன்னா 1750ஐ ஒட்டின குப்பையா இருக்கலாம், அந்த ஓடு கிரீம்வேர்னா மட்டும் 1760களுக்கு அப்புறம். அந்தக் கட்டத்தை விட்டுடாதீங்க, பக்கத்துல நாலு பக்கமும் எண்ணிப் பாருங்க. தோண்டுறதுக்கு ரெண்டு மூணு வேலைநாள் முன்னாடி 811க்கு (நிலத்தடிக் குழாய், கேபிள் போற இடத்தைக் குறிச்சுத் தர்ற சேவை) அழைச்சுடுங்க, காடா இருந்தாலும் குழாயோ கேபிளோ போயிருக்கலாம். நவம்பர்ல இலை உதிர்ந்ததும் நல்ல நேரம், தரை உறையறதுக்குள்ள முடிச்சுடலாம். உண்ணி அப்பவும் இருக்கும். உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய்க்குப் பேர் வந்ததே கனெக்டிகட்ல இருக்கிற லைம் ஊர்ல இருந்துதான். உண்ணியைக் கொல்ற பெர்மெத்ரின் மருந்தைத் துணியில மட்டும் அடிங்க, தோல்ல படக் கூடாது. பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்குங்க.