வெள்ளத்தில் கால் வைத்தவர்களுக்கெல்லாம் டாக்ஸி மாத்திரையா?

கோவை ராப்பாடி:
வெள்ளம் வடிந்த ஊரில், எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சல் வரும் முன்பே எல்லோருக்கும் டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும், யோசிக்கவே கூடாது என்பது என் கட்சி. 2018 ஆகஸ்ட் கடைசியில், கேரள வெள்ளத்தில் மூழ்கிய செங்கன்னூருக்கு வீடு கழுவப் போனோம், ஆறு பேர். முழங்கால் வரை சேறு. கவிழ்ந்து கிடந்த பிரிட்ஜை நிமிர்த்தினால் அடியில் செத்த எலி. முகாமில் ஒரு சேச்சி ஆளுக்கு இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தன் கண் முன்னால் விழுங்கச் சொன்னார். ஒருவன் மட்டும் வெறும் வயிறு, அப்புறம் போடுகிறேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஊர் திரும்பிப் பத்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், கண் இரண்டும் செக்கச்செவேல், கெண்டைக்காலைத் தொட்டாலே அலறுகிறான். முதலில் காட்டிய இடத்தில் டெங்கு இல்லை, வைரல்தான் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அதற்குள் மூத்திரம் குறைந்து, இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துதான் ஆள் மீண்டான். துவைக்கப் போட்ட அந்தச் சட்டைப் பை முழுக்க மஞ்சளாகக் கரைந்திருந்ததாம், அவன் அம்மா இன்னும் சொல்வார்.

மாத்திரைப்பெட்டி:
நண்பர் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் ஆறு பேர் கதையை வைத்து ஒரு மாவட்டத்துக்கே ஆன்டிபயாடிக் கொடுக்க முடியாது சார். வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது? பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் 940 பேரிடம் செய்த சோதனை, 1984இல் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு நோய், டாக்ஸி சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு. பிரமாதம்தான். ஆனால் அவர்கள் கட்டுமஸ்தான இளைஞர்கள், மூன்று வாரம் மட்டும் காட்டில் இருந்தவர்கள். முகாமில் இருப்பது கர்ப்பிணி, கைக்குழந்தை, அல்சர்காரத் தாத்தா. எட்டு வயதுக்குக் கீழேயும் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக இதைக் கொடுப்பதில்லை. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்து, உணவுக்குழாய் புண்ணாகி வந்தவரை நானே பார்த்திருக்கிறேன். 2009இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் எல்லாச் சோதனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, பலன் தெளிவாக இல்லை, குமட்டலும் வாந்தியும்தான் தெளிவாக இருக்கிறது என்கிற மாதிரிதான் முடித்தார்கள்.

கோவை ராப்பாடி:
இப்படி 'தெளிவில்லை' என்று சொல்லிச் சொல்லித்தான் வாட்ஸ்அப்காரன் உள்ளே வருகிறான். அதே 2018இல் டாக்ஸி சாப்பிடாதீர்கள் என்று பிரசாரம் செய்த ஒரு இயற்கை வைத்தியரைக் கேரள போலீஸ் கைதே செய்தது, ஞாபகம் இருக்கிறதா?

மாத்திரைப்பெட்டி:
என்னை அவரோடு சேர்க்காதீர்கள். நான் மாத்திரை விற்கிறவன், மாத்திரைக்கு எதிரி இல்லை. மழை பெய்தால் போதும், 'அந்த வெள்ள மாத்திரை பத்து கொடு' என்று வந்து நிற்கிறார்கள், மாடியிலிருந்து இறங்காதவர்கள் உட்பட. எலிக்காய்ச்சல் கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிடுமே என்பதல்ல என் பயம். உடம்பில் இருக்கிற மற்ற கிருமிகளும் சேர்ந்து பழகுகின்றனவே, அதுதான். அந்தக் காசுக்கு கம்பூட்ஸ் வாங்கிக் கொடுக்கலாம்.

டியூட்டி முடிந்தது:
கம்பூட்ஸா? தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனால் அதுவே வாளி மாதிரி நிறைந்து காலை இழுக்கும் தம்பி, போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் வார்டில் வேலை பார்க்கிறவள். பனாமாவையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களே, நம் அந்தமான் ஏன் ஞாபகம் வரவில்லை? வடக்கு அந்தமானில் வருஷா வருஷம் மழை முடிகிற சமயம் எலிக்காய்ச்சல் வரும். அங்கே நடத்திய சோதனை 2000இல் வெளிவந்தது. கிருமி உடம்பில் நுழைவதை மாத்திரை தடுக்கவில்லை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் நோயாக விழுந்தவர்கள் வெற்று மாத்திரைப் பக்கம் 6.82 சதவீதம், டாக்ஸி பக்கம் 3.11. எனக்கு வார்டில் கட்டில் எண்ணிக்கைதான் கணக்கு, பாதிக்குப் பாதி குறைந்தால் அது சின்ன விஷயமில்லை. அதே சமயம் ராப்பாடி தம்பிக்கும் ஒன்று. ஒரு தடவை விழுங்கினால் ஒரு வாரத்துக்குத்தான். நீங்கள் மூன்று வாரம் சேறு அள்ளினால் வாரா வாரம் போட வேண்டும். போட்டவனுக்கும் காய்ச்சல் வரலாம். வந்தால் வெள்ளத் தண்ணீரில் நின்றேன் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் முதல் நாலைந்து நாள் ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடாமல் போகும்.

வயல்வரப்பு:
எல்லோரும் வெள்ளம் வெள்ளம் என்கிறீர்கள். நடவுக்கு இறங்கினால் எனக்கு வருஷா வருஷம் வெள்ளம்தான். வரப்பெல்லாம் எலி வளை, மாடும் அதே தண்ணீரில்தான் நிற்கும், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. டிவிக்காரன் வராததால் மாத்திரையும் வராது. 2008இல் இலங்கையில் ஏழாயிரம் பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் வந்ததே, நெல் வயல்காரர்கள் நிறைய அடிபட்டார்கள். அங்கே வயல்காரர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகரே மாத்திரை கொடுக்கிறார் என்கிறார்கள். பணமும் இல்லை, வரிசையும் இல்லை.

மாத்திரைப்பெட்டி:
ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அதைத்தான் நானும் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் நின்றவருக்குக் கொடுங்கள். 2005 ஜூலை 26இல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, பின்னாலேயே எலிக்காய்ச்சல் வந்தது. இப்போது அந்த மாநகராட்சி மழைத் தண்ணீரில் நடந்தவர்களை 72 மணி நேரத்துக்குள் மருந்து எடுக்கச் சொல்கிறது, ஊர் முழுக்க வாரி இறைப்பதில்லை.

கோவை ராப்பாடி:
தண்ணீரில் நின்றவர் யார் என்று எந்தக் கணக்கில் பிரிப்பீர்கள்? செங்கன்னூரில் நிற்காதவர் யார்? பட்டியல் எழுதி முடிப்பதற்குள் பத்து நாள் ஓடிவிடும், காய்ச்சல் வருகிற நாளும் அதுதான்.

டியூட்டி முடிந்தது:
செங்கன்னூர் மாதிரி இடத்தில் எல்லோருக்கும்தான், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் பார்த்து வேறு மருந்து. அங்கே நானும் உன் கட்சி. கோவையில் குடை பிடித்து நடந்தவனுக்கு இல்லை.

வயல்வரப்பு:
அடுத்த வாரம் நடவு. மாத்திரைப்பெட்டி தம்பி, அட்டை என்ன விலை?

மாத்திரைப்பெட்டி:
விலை கிடக்கட்டும் ஐயா, டாக்டர் சீட்டோடு வாருங்கள். சேற்றுப்புண்ணையும் அவரிடமே காட்டிவிடுங்கள்.