மலைக்காட்டில் குடும்பத்தோடு கேரவன்: மின் இணைப்புள்ள முகாமா, ஒன்றுமில்லாத காட்டு இடமா?

பைன்நிழல்:
கேள்வி இதுதான். காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவன், எடை 2000 கிலோ. பெரியவர் இருவர், 5, 8 வயதில் குழந்தைகள் இருவர், மூன்று இரவு. உயரம் 1800 மீட்டர், விடியற்காலையில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். நல்ல தண்ணீர் தொட்டி 150 லிட்டர், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, கூரையில் 200 வாட் சோலார். கீழே கரண்டும் குழாயும் உள்ள முகாம் இருக்கிறது. மேலே மரங்களுக்குள் வெறும் இடம். எது சரி?

சமவெளிக்காரன்:
கீழேயே நில்லுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஹீட்டர் எரிவது காஸில் என்றாலும் சூடான காற்றை ஊதும் அதன் விசிறி, அதாவது ப்ளோயர், ஓடுவது பேட்டரியில். சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி போயிற்று. விளக்கு, தண்ணீர் பம்பு, ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு எல்லாம் சேர்த்து இன்னொரு 10. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக உங்கள் கையிருப்பு 50தான். குளிரில் அதுவும் குறையும். முதல் விடியலிலேயே தரை தட்டிவிடுவீர்கள்.

பகலில் சோலார் நிரப்பும் என்று நம்பாதீர்கள். இலைக்கூரை மூடிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. ஒரே ஒரு கிளையின் நிழல் பேனலின் ஒரு வரிசையில் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி நின்றுவிடும்.

இரண்டாம் இரவு நடப்பது இதுதான்: மின்னழுத்தம் இறங்கும், ப்ளோயர் மெதுவாகும். ஹீட்டருக்குள் காற்று வேகத்தில் அசைந்து மூடிக்கொள்ளும் சின்னத் தகட்டு சுவிட்ச் ஒன்று உண்டு. காற்று போதாவிட்டால் அது மூடாது, மூடாவிட்டால் பர்னர் பற்றாது. சிலிண்டர் நிறைய காஸ் இருக்கும், குழந்தைகள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

காட்டுவழி:
கணக்கு சரி. ஆனால் வீட்டைப் போல 20 டிகிரியில் தூங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. இரவில் தெர்மோஸ்டாட்டை 12 டிகிரிக்கு இறக்கி, பூஜ்ஜியம் வரை தாங்கும் தூக்கப் பைகளைக் கொடுங்கள். ப்ளோயர் ஓடும் நேரம் பாதிக்கு வந்துவிடும்.

நிழல் பிரச்சினைக்குக் கூரையை நம்பவே வேண்டாம். தரையில் விரிக்கும் 200 வாட் பேனலை வெயில் விழும் திட்டில் வையுங்கள். நாலு மணி நேர நல்ல வெயிலில் ஏறக்குறைய 44 ஆம்பியர்-மணி வரும். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். பேனலின் முதுகிலேயே, சார்ஜை முறைப்படுத்தும் கன்ட்ரோலர் ஒட்டி வரும், அங்கிருந்து 10 மீட்டர் கேபிள் இழுப்பார்கள். 2.5 சதுர மி.மீ. கேபிளில் 11 ஆம்பியர் போனால் போக வர 1.6 வோல்ட் தொலைகிறது. பேட்டரி நிறைய 14.4 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.8தான் வரும், சார்ஜ் மெதுவாகி அன்றைய வெயிலுக்குள் நிறையாமல் போகலாம். கன்ட்ரோலரைக் கழற்றிப் பேட்டரி பக்கத்தில் மாட்டுங்கள். அப்போது இழப்பு பேனல் பக்கத்தில் விழும். 18 வோல்ட் 16.4 ஆனாலும் 14.4-க்கு மேலேதான் இருக்கும். செலவே இல்லாத வேலை.

முடிந்தால் லித்தியம் பேட்டரிக்கு மாறுங்கள். அதே 100-இல் 80 வரை எடுக்கலாம்.

சமவெளிக்காரன்:
> முடிந்தால் லித்தியம் பேட்டரிக்கு மாறுங்கள்

பாதி ஆலோசனை ஆபத்து, அண்ணா. லித்தியத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தால் உள்ளே இருக்கும் காப்புச் சுற்று சார்ஜைத் தடுத்துவிடும், மட்டமானதாக இருந்தால் செல்லே கெடும். காரோடு இணைக்கும் முன்பக்கக் கொக்கி மேலுள்ள பெட்டியில் பேட்டரி இருந்தால், காலை எட்டு மணிக்கு வெயில் அடித்தாலும் செல்லுக்குள் இரவுக் குளிர் அப்படியே உட்கார்ந்திருக்கும். கட்டிலுக்கு அடியில், வண்டிக்குள் வைக்க இடமிருந்தால் மட்டும் மாறச் சொல்லுங்கள்.

காட்டுவழி:
ஒப்புக்கொள்கிறேன், உள்ளேதான் வைக்க வேண்டும். ஆனால் இணைப்பு இருந்தால் எல்லாம் சுகம் என்பதையும் ஏற்க மாட்டேன். சாக்கடைக் குழாயை மாட்டியதும் கழிவறைத் தொட்டி வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது அடியில் குவிந்து காய்ந்து கல்லாகும். இணைப்பு இருந்தாலும் வால்வு மூடியே இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அதை முதலில் காலி செய்து, பிறகு கை கழுவிய தண்ணீரை விட்டால் குழாயும் அலசிக்கொள்ளும். அப்புறம், உறையும் இரவில் வெளிக்குழாயில் ஹோஸை மாட்டியே வைத்தால் காலையில் பனிக்கட்டிக் கம்பிதான் மிஞ்சும்.

இழுவை:
இருவரும் கரண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர், அதுவும் மலைப்பாதையில் அது வண்டியின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது.

நாலு பேருக்கு ஒரு நாள்: குடிக்க, சமைக்க 16 லிட்டர், பாத்திரம் 10, கழிவறை 20, கை முகம் 10. மொத்தம் 56. குளிக்காமல் இருந்தால் 150 லிட்டர் இரண்டரை நாளுக்கு மேல் கொஞ்சம் வரும். ஆகவே அடிவாரத்திலேயே முழுக்க நிரப்பிக்கொண்டு ஏறத் தோன்றும். அங்கேதான் கண்டம்.

சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பல கேரவன்களில் தொட்டி சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும். தொட்டி அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால், கொக்கி 5 மீட்டர் முன்னால் என்று வையுங்கள். 150 கிலோ தண்ணீர் கொக்கியில் அழுத்தும் எடையிலிருந்து 45 கிலோவைத் தூக்கிவிடும். 2000 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 200 இருந்தது என்றால், இப்போது 2150-க்கு 155. பத்து சதவீதம் ஏழானது. கொக்கியில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இல்லாவிட்டால் இறக்கத்தில், லாரி கடக்கும் காற்றில், வண்டி வாலாட்டத் தொடங்கும். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறு: கொக்கி எடை ஏறும், காரின் வரம்பைப் பாருங்கள்.

காட்டுவழி:
அருமையான குறிப்பு. பாதி நிரப்பினால் போதாதா?

இழுவை:
தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீர் வளைவுக்கு வளைவு அலைமோதும். காலியாக ஏறுங்கள், முகாம் இடத்துக்கு முன்னுள்ள கடைசிக் குழாயில் நிரப்புங்கள். அப்படிக் குழாய் இல்லையென்றால் 20 லிட்டர் கேன்கள் ஏழு, அச்சுக்கு நேர் மேலே, பட்டை போட்டுக் கட்டி. இறங்கும்போதும் இதே கதை: நிறைந்த கழிவுத் தொட்டிகளோடு வருவீர்கள். ஏறிய கியரிலேயோ அதற்குக் கீழேயோ இறங்குங்கள். பிரேக்கை மிதித்தே பிடிக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். எரிந்த வாடை வந்தால் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான பிரேக் டிரம்மில் ஹேண்ட் பிரேக் இழுத்து விட்டால் ஆறும்போது சுருங்கிக் கவ்விக்கொள்ளும்.

சின்னக்கால்:
குழந்தைகள் பக்கத்தை யாரும் பேசவில்லையே. நிறுத்துமுன் மேலே பாருங்கள். பட்டை உரிந்த, இலையில்லாத கிளை தலைக்கு மேல் இருந்தால் அந்த இடம் வேண்டாம். காற்றில்லாத இரவிலும் விழும். ஓடைக்கரைப் பள்ளம் அழகாக இருக்கும், ஆனால் குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து அங்கே தேங்கும். சரிவில் சற்று மேலே போனாலே வித்தியாசம் தெரியும், மேலே மழை பெய்து ஓடை பெருகினாலும் பயமில்லை. குளிர் தாங்கவில்லை என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கவே கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது. அலாரத்தைக் கிளம்பும் முன் அழுத்திச் சோதியுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரில் கொட்டாதீர்கள், விலங்கு அந்த வாடைக்கு வரும்.

இணைப்புள்ள முகாமில் வேறு ஆபத்து: பின்னால் எடுக்கும் வண்டிகள். ஓட்டுநருக்குத் தெரியாத உயரம் 5 வயது.

பைன்நிழல்:
தொட்டி அச்சுக்குப் பின்னால்தான். அப்படியென்றால் முதல் இரவு கீழே: பேட்டரி முழு சார்ஜ், தொட்டிகள் காலி. அடுத்த இரண்டு இரவு மேலே, கேன் தண்ணீரோடு. சரிவருமா?

சமவெளிக்காரன்:
ஒரு நிபந்தனையோடு சரி. மேலே முதல் காலை பேட்டரியை அளந்து பாருங்கள். 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பாதி தீர்ந்தது என்று பொருள். அன்று மாலைக்குள் 12.5-க்கு ஏறாவிட்டால் இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

காட்டுவழி:
அளக்கும் முறையையும் சொல்லுங்கள். ப்ளோயர் ஓடும்போது பார்த்தால் நல்ல பேட்டரியும் 11.9 காட்டும், பேனல் மாட்டியிருக்கும்போது பார்த்தால் தீர்ந்த பேட்டரியும் 13 காட்டும். எல்லாவற்றையும் அணைத்து, பேனலைக் கழற்றி, ஒரு மணி நேரமாவது விட்டு அளந்தால்தான் அந்த 12.2-க்கு அர்த்தம்.