முகூர்த்த மேடையில் எந்த மீட்டரிங்?

கரூர்_கிளிக்:
வணக்கம். நிக்கான் இசட் 6 II வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டாவது கேமராவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆவணியில் முதல்முறையாக ஒரு கல்யாணத்தைத் தனியாக எடுக்கிறேன். அபர்ச்சர் பிரையாரிட்டி (அபர்ச்சரை நான் வைப்பேன், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்கும்), ஃபிரேம் முழுவதையும் பார்த்து வெளிச்சத்தை அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங், இதுதான் என் வழக்கம்.

தொல்லை என்னவென்றால், ஒரே மேடை, ஒரே லைட், ஆனாலும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது. பெண் அரக்குக் கூறைப்புடவையில் ஃபிரேமை நிறைத்து உட்கார்ந்தால் முகம் வெளுக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர்கள் நாலு பேர் உள்ளே வந்ததும் எல்லோரும் கறுத்துப்போகிறார்கள். ரிசப்ஷனில் பின்னால் எல்இடி வால் (சுவர் போன்ற பெரிய ஒளித்திரை) இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாறிவிடலாமா?

மலைக்கோட்டை_லென்ஸ்:
மேட்ரிக்ஸே போதும். வெள்ளை அதிகம் என்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷன் +0.7, அரக்கோ கறுப்போ அதிகம் என்றால் -0.7. ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_ஸ்டூடியோ:
தம்பி, முந்தைய பதில் தப்பில்லை. ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது டயலைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மீட்டருக்கு வேட்டி எது, புடவை எது என்று தெரியாது. எதிரே இருப்பது சராசரியாக நடுச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். மேட்ரிக்ஸ் கொஞ்சம் புத்திசாலி, அவ்வளவுதான். உன் மேடையில் முகத்தில் விழும் வெளிச்சம் மாறவே இல்லை, ஃபிரேமுக்குள் இருக்கும் துணிதான் மாறியது. அப்படியிருக்க, ஒவ்வொரு படத்துக்கும் மீட்டரிடம் ஏன் யோசனை கேட்க வேண்டும்?

ஃபிலிம் காலத்தில் செகோனிக் என்ற கை மீட்டரின் வெள்ளைக் குமிழைப் பெண்ணின் கன்னத்தருகே பிடித்து, விழுகிற ஒளியை அளப்போம். அது துணியின் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. இப்போது அந்த மீட்டர் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. மணவறையில் பெண் உட்காரப்போகும் இடத்தில், அவள் முகம் திரும்பியிருக்கும் பக்கமாகக் கையை நீட்டு. ஸ்பாட்டில் அளந்து, மீட்டர் +1 காட்டும்படி மேனுவலில் வை. உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) வெளுப்பு. நம் ஊரில் முக நிறம் ஆளுக்கு ஆள் மாறும், உள்ளங்கை அந்த அளவுக்கு மாறாது. ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடு. இல்லாவிட்டால் மேனுவல் என்பது பெயருக்குத்தான்.

ஸ்பாட்டை வைத்துக்கொண்டே முழுக் கல்யாணத்தையும் எடுக்காதே. நிக்கானில் அது ஃபிரேமில் சுமார் 1.5 சதவீதம், ஃபோகஸ் புள்ளி போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். புள்ளி நெற்றிச்சுட்டியில் ஒரு நொடி, கூந்தலில் ஒரு நொடி என்று விழுந்தால் மேட்ரிக்ஸே மேல் என்று தோன்றும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வீடியோக்காரரின் லைட். அவர் இடம் மாறினால் உன் கணக்கும் மாறும். எங்கே நிற்பார் என்று முன்பே பேசிக்கொள். இன்னொன்று, விடிகாலை முகூர்த்தம். இருட்டில் தொடங்கும் சடங்கு முடிவதற்குள் மண்டப வாசலில் வெயில் வந்துவிடும். அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

வாசலில் மாப்பிள்ளை அழைப்பு, காசி யாத்திரை எல்லாம் வெயிலும் நிழலுமாக மாறிக்கொண்டே இருக்கும். அங்கே உன் பழைய மேட்ரிக்ஸ், ஆட்டோ ஐஎஸ்ஓவே சரி.

கேனான்_கட்சி:
கேனான்காரர்கள் யாராவது படித்தால்: நம் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பாட் வட்டம் நடுவிலேயே நிற்கும், ஃபோகஸ் புள்ளியோடு வராது. உள்ளங்கையை நடுவில் வைத்து அளங்கள்.

கரூர்_கிளிக்:
நன்றி அண்ணா. எல்இடி வாலுக்கு, மிக வெளிச்சமான பகுதி வெளுக்காதபடி அளக்கும் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் சரிப்படுமா? ஃபிளாஷ் டிடிஎல்லில்தான் (அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) போடுவேன்.

பழைய_ஸ்டூடியோ:
வேண்டாம். 2014இல் டி810 கேமராவில் நிக்கான் கொண்டுவந்த வசதி அது. இருட்டு மேடையில் ஆடுகிறவர் மேல் மட்டும் விளக்கு விழும்போது அருமை. எல்இடி வால் முன்னால் அது வாலைக் காப்பாற்றி, முகத்தைக் கைவிட்டுவிடும்.

அங்கேயும் மேனுவல்தான். முதலில் வால் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் கட்டு. பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/100 பக்கம் இறக்கிப் பார். அதன்பிறகு முகத்துக்கு ஃபிளாஷ். மீட்டரிங்கை மேட்ரிக்ஸிலேயே விடு. ஸ்பாட் வைத்தால் நிக்கான் ஃபிளாஷ், பின்னணியோடு சமன் செய்யும் டிடிஎல்லை விட்டுச் சாதா டிடிஎல்லுக்குப் போய்விடும். ஜோடி மேடையைவிட்டு நகராது என்றால் ஃபிளாஷையும் மேனுவலில் போடு. கறுப்பு கோட்டும் வெள்ளை கவுனும் டிடிஎல்லையும் ஏமாற்றும்.

அப்புறம், வாலை ஓட்டுகிற பையனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பிரைட்னஸைப் பாதியாகக் குறைக்கச் சொல். பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள்.