மாலை வேளையில் முறைமைப் புத்தகம் இல்லாத ஆராதனை: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி (சேகரக் கமிட்டி உறுப்பினர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்த ஒரு நகரச் சபையார். ஞாயிறு காலை ஆராதனை அச்சிட்ட முறைமையின்படி, அதாவது ஜெபங்களும் மறுமொழிகளும் வரிசையாக எழுதப்பட்ட புத்தகத்தின்படி, மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த பாமாலைகளோடும் நம் இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளோடும் நடந்து வருகிறது. எங்கள் இளையோரில் பலர் காலையில் பெற்றோருக்காக வந்து நின்றுவிட்டு, மாலையில் வேறு சபைகளின் கூட்டங்களுக்குச் செல்கிறார்கள். ஆகையால் மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் மாலை வேளையில் புத்தகம் இல்லாத ஆராதனை ஒன்றை நடத்தலாம் என்ற யோசனை கமிட்டிக்கு வந்திருக்கிறது. மூத்தவர்கள் இது திருச்சபை ஒழுங்குக்கு விரோதம் என்கிறார்கள். இளையோரோ, முறைமையை வாசிப்பது ஜெபமே அல்ல என்கிறார்கள். இரண்டுமே மிகைப்பட்ட பேச்சு என்பது என் எண்ணம். திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் தருகிறதா? தருமானால், எந்தப் பகுதிகளை எவ்வகையிலும் விட்டுவிடக் கூடாது?

பதில் (ஓய்வுபெற்ற ஆயர்)

இடம் தருகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்ட் சபையும், 1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகி நம் தென்னிந்திய திருச்சபை உருவாயிற்று. ஜெபப் புத்தகம் கையில் இல்லாமல் ஜெபித்துப் பழகாதவர்களும், புத்தகத்தைக் கண்டாலே ஐயுறுகிறவர்களும் அன்று ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். ஆகவே, எந்தச் சபைக்கும் அதற்குப் பழக்கமில்லாத, அல்லது அது மனச்சாட்சியின்படி மறுக்கிற ஆராதனை வடிவம் திணிக்கப்படாது என்ற உறுதிமொழி இணைப்பின் அடிப்படையிலேயே இடம்பெற்றது. 1950இல் வெளிவந்த திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) முறைமையும், 1963இல் வெளிவந்த பொது ஆராதனைப் புத்தகமும் விரும்பிய சபைகள் பயன்படுத்தட்டும் என்றே கொடுக்கப்பட்டன. அதே உறுதிமொழி உங்கள் மூத்தவர்களையும் காக்கிறது என்பதை இளையோருக்கு நினைவூட்டுங்கள். காலை ஆராதனையைக் கமிட்டித் தீர்மானம் ஒன்றினால் மாற்றிவிட முடியாது.

புத்தகமா, புத்தகமின்மையா என்று பிரித்துக் கேட்பதே சரியல்ல என்பது என் கருத்து. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையிலிருந்து எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், ஞாயிறுதோறும் விசுவாசிகள் கூடுவதையும், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் அனுமதிக்கும் மட்டும் வாசிக்கப்படுவதையும், பின்பு பிரசங்கமும் பொது ஜெபமும் நடப்பதையும், நடத்துகிறவர் தம்மால் இயன்ற அளவில் நன்றிகூற, மக்கள் ஆமென் சொல்வதையும் விவரிக்கிறார். அங்கே வரிசை நிலையானது, சொற்கள் நடத்துகிறவருடையவை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கி, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஜான் வெஸ்லியும், 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்குச் சுருக்கிய ஜெபப்புத்தகத்தை அனுப்பியபோது, கர்த்தருடைய நாளில் அதையும், புதன், வெள்ளிக் கிழமைகளில் லித்தானியாவையும் (மக்கள் மறுமொழி கூறும் மன்றாட்டு) பயன்படுத்துமாறும், மற்ற நாட்களில் சொந்தச் சொற்களில் ஜெபிக்குமாறும் பிரசங்கிகளுக்கு ஆலோசனை கூறினார்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தை மூடியவுடன் முதலில் காணாமற்போவது பாவ அறிக்கை. அதற்கு அடுத்தது பிறருக்கான மன்றாட்டு: ஆளுகிறவர்கள், நோயாளிகள், துக்கத்தில் இருப்போர், நம்மோடு சேராத சபைகள். மூன்றாவது பழைய ஏற்பாட்டு வாசிப்பு. இவற்றை யாரும் வேண்டுமென்று நீக்குவதில்லை. பாடல் நீளும்போது தாமாகவே விழுந்துவிடுகின்றன. ஆகவே இம்மூன்றையும் ஆசீர்வாதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். விசுவாசப் பிரமாணம் மாலையில் இல்லாவிட்டால் குறையில்லை. மற்றவற்றில் தாராளமாக இருங்கள்.

பதில் (பாடகர் குழுவில் இருப்பவர்)

ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். பாட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. கீர்த்தனைகள் இழுவையாக இருக்கின்றன என்று இளையோர் சொல்லும்போது நாம் வருந்துகிறோம். ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இராகமும் தாளமும் குறித்து எழுதிய பாடல்களை ஆர்கனில் பாமாலையின் நடையில் பாடி இழுவையாக்கியவர்கள் நாமே. மாலை ஆராதனையில் தரையில் அமர்ந்து, ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் அவற்றை உரிய காலப்பிரமாணத்தில் பாடிப் பாருங்கள். கிராமத்துச் சபைகளில் பண்டிகைக் காலப் பஜனைக்கு எந்த முறைமைப் புத்தகமும் இருந்ததில்லை. முறைமையில்லாத ஆராதனையை நாம் வெளியிலிருந்து கடன்வாங்க வேண்டியதில்லை.

ஒலிபெருக்கியின் சத்தம் சபையாரின் குரலுக்கு மேலே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவர்களின் குரல் மட்டும் கேட்டால் சபையார் மெல்லப் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். எழுத்து அறியாத மூதாட்டிகள் காலை முறைமையின் மறுமொழிகள் அனைத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வாரந்தோறும் புதுப் பாடலைத் திரையில் காட்டினால் அவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே சில பாடல்களையாவது மாற்றாமல் வைத்திருங்கள்.

பதில் (பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்)

எங்கள் சபையில் புத்தகம் கிடையாது. ஆனாலும் அடுத்து என்ன நடக்கும் என்பது சிறுவருக்கும் தெரியும். ஸ்தோத்திரப் பாடல்கள், எல்லாரும் ஒருமித்து உரத்த குரலில் ஜெபிப்பது, சாட்சி, காணிக்கை, செய்தி, வியாதியஸ்தருக்கான ஜெபம் என்ற வரிசை அநேகமாக மாறுவதில்லை. நடத்துகிறவரின் ஜெபத்திலும் அதே பத்துப் பன்னிரண்டு சொற்றொடர்கள் சுற்றிச் சுற்றி வரும். இதைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. முறைமையில்லாத ஆராதனை என்று நீங்கள் தொடங்குவதும் விரைவில் ஒரு முறைமையாகிவிடும். அது எழுதப்படாததாக இருப்பதால், அதில் எது விடுபட்டது என்று யாரும் கேட்க முடியாது. மைக் யார் கையில் இருக்கிறதோ, அவருடைய மனநிலையே அன்றைய ஆராதனையாகிவிடும். ஆயர் சொன்ன மூன்று பகுதிகளையும் ஒரு தாளில் எழுதி, நடத்துகிறவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

எங்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது சாட்சி. பிரசங்க பீடத்தில் ஒருபோதும் நிற்க வாய்ப்பில்லாத ஒரு தாய், அந்த வாரம் தனக்கு நேர்ந்ததைச் சபையின் நடுவில் எழுந்து சொல்வதற்கு உங்கள் காலை ஆராதனையில் எங்கே இடம்? கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், கூடிவரும் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதும், எல்லாம் கிரமமாய் நடக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வருகின்றன. சாட்சி நீளும், சில வேளைகளில் அண்டை வீட்டாரைப் பற்றிய புகாராகவும் மாறும். அதை அன்போடு நிறுத்தத் தெரிந்த மூத்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இளையோருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் முறைமையை எல்லாரையும்விட அதிகமாகக் களைந்தவர்கள், அவர்களுடைய பழைய வழிபாட்டில் போதகரும் இல்லை, பாட்டும் இல்லை, ஆவியானவர் ஏவும்வரை மௌனமே. சத்தமும் சுதந்தரமும் ஒன்றல்ல.

மீண்டும் கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மாலையில் திருவிருந்தும் வேண்டும் என்று இளையோரில் சிலர் கேட்கிறார்கள். அதையும் இதே எளிமையோடு நடத்தலாமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆயர்)

அவசரப்பட வேண்டாம். நம் திருச்சபையில் திருவிருந்தை நடத்த அபிஷேகம் பெற்ற ஆயர் வேண்டும். இரண்டு மூன்று சபைகளை ஒரே ஆயர் கவனிக்கும் சேகரங்களில் மாலையில் அவர் வர இயலாமற் போகலாம். அதைவிட முக்கியமான காரணம், ஒரே சபையார் வயதின்படி பிரிந்து இரண்டு பந்திகளில் அமர்வது எனக்கு ஒப்பாத காரியம். 1950ஆம் ஆண்டு முறைமையில் சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்குக் கடந்து செல்லுமாறு அமைக்கப்பட்டது. மூத்தவரின் கையிலிருந்து இளையவரின் கைக்கு அது வர வேண்டுமானால் இருவரும் ஒரே ஆலயத்தில் நிற்க வேண்டும். மாலையில் ஆராதனை முடிந்தபின் எல்லாரும் சேர்ந்து உணவருந்துங்கள். நம் ஊர்ச் சபைகளில் அசனம் என்று ஏற்கெனவே இருக்கிற வழக்கம்தான். ஆறு மாதம் நடத்திவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்பதைக் கமிட்டியில் அல்ல, சபைக் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள். அந்த உறுதிமொழி சபையாருக்கே கொடுக்கப்பட்டது.