ஜிப்சம் போர்டு சுவரில் ஜாயின்ட் உப்புகிறது

கேள்வி: பழைய அடுக்குமாடி வீடு. 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு பார்ட்டிஷனில் ஜாயின்ட் (இரண்டு போர்டு சேரும் இடம்) நெடுக வரப்பு மாதிரி உப்பியிருக்கிறது. மேலாக வால் புட்டி இழுத்தால் போதுமா?

பதில்: போதாது, ரெண்டே மாசத்தில் விரிசல் விடும். ஜாயின்ட் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். போர்டு உள்ளே போனால் ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று அர்த்தம்; 25 மி.மீ. ஸ்க்ரூ, 20 செ.மீ.க்கு ஒன்று, போர்டு ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் போடுங்கள். ஸ்க்ரூ தலை போர்டின் மேல் காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகப் பதியணும். பழைய டேப்பை அறுத்தெடுத்து, பொடியைச் சுரண்டி, ஜாயின்டிங் காம்பவுண்டில் (ஜாயின்டை நிரப்பும் பசை மாவு) 5 செ.மீ. அகல பேப்பர் டேப்பைப் பதியுங்கள். அடியில் காம்பவுண்ட் குறைந்தால் காற்று தங்கிக் குமிழி வரும். அப்புறம் மேலே இரண்டு கோட் காம்பவுண்ட். கடைசி கோட் 30 செ.மீ. அகலம். ஒவ்வொன்றும் முழுக்கக் காயணும்.

பதில்: மேலே ஸ்லாபை (கான்கிரீட் கூரையை) பாருங்கள் சார். போர்டு இடைவெளியில்லாமல் முட்டினால், ஸ்லாப் தொய்யும்போது ஜாயின்ட்தான் பிதுங்கும். மேல் ஓரத்தில் 1 செ.மீ. அறுத்துவிட்டு அக்ரிலிக் சீலன்ட் அடிக்கலாம்.

பதில்: பின்பக்கம் பாத்ரூமா? முதலில் கசிவை நிறுத்துங்கள். ஊறிய போர்டில் டேப் நிற்காது, அந்தத் துண்டை மாற்றணும்.