சேகர கமிட்டிக்கு நிற்பவர் சபைக்கு யார்?

பனங்காட்டுப் பிள்ளை:
எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பில், நிர்வாகக் கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது. இந்த முறை என்னையும் கமிட்டிக்கு நிற்கச் சொல்கிறார்கள். நான் நிற்பதாக இல்லை, ஏன் என்று எழுதுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். போன தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் ஒருவர் 40 பேர் சபைக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கியைத் தன் கையிலிருந்து மொத்தமாகக் கட்டினார். பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பேர் வராது, அதற்காக. அந்த 40 பேரில் எங்கள் தெருப் பாட்டியும் ஒருவர். கால் விழுந்து படுக்கையில் கிடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, அதுவரை இவர் அந்த வாசலை மிதித்ததே இல்லை. ஓட்டுப் போடும் அன்றைக்குக் காலையில் ஆட்டோ வந்து நின்றது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எந்த ஆட்டோவும் வரவில்லை. நோயாளியைப் போய்ப் பார்ப்பவர், துக்க வீட்டில் ஜெபம் பண்ணுபவர், அவர்தான் என்னைப் பொறுத்தவரை சபையின் மூப்பர். அதற்குக் கமிட்டி எதற்கு?

தணிக்கைக்காரன்:
அண்ணாச்சி, பாட்டி விஷயம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த முடிவு தப்பு. நீங்கள் ஒதுங்கினால் அந்த இடத்தில் ஆட்டோ அனுப்பியவர்தான் உட்காருவார். நான் 6 வருஷமாக எங்கள் சபைப் பொருளாளர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி என்கிற ஆலயப் பக்க அறையின் மேஜையில் காணிக்கைப் பையைக் கவிழ்ப்போம். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு கை வியர்வையில் ஒட்டிக் கிடக்கும், கிழியாமல் பிரித்து, நீவி, அடுக்க வேண்டும். ஒரு தடவை பீடி சுற்றுகிற அம்மா ஒருவர், மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்கு என்று கவர் மேல் பென்சிலால் எழுதி 50 ரூபாய் வைத்திருந்தார். அந்த 50 ரூபாயை அன்றைக்கே இரண்டு பேர் கையெழுத்தோடு புத்தகத்தில் ஏற்றி, மறுநாள் வங்கியில் கட்டுவது ஊழியம் இல்லையா? பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். விதவைகளைச் சரியாக விசாரிக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்ததால்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். போதிப்பது ஒருவர் வேலை, பந்திவிசாரணை, அதாவது சாப்பாடு பங்கிடுவதைப் பார்ப்பது, இன்னொருவர் வேலை. ஐயருக்கு, அதாவது போதகருக்கு, வசனம், நமக்குக் கணக்கும் கட்டடமும். நல்லவர்கள் அதைப் பார்க்காமல் விட்டதால்தான் பேராயரின் கீழ் உள்ள திருமண்டலங்கள் சிலவற்றில் ஓய்வுபெற்ற நீதிபதி வந்து தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று.

தேரிக்காட்டு அக்கா:
தம்பி, 6-ஆம் அதிகாரத்தோடு பைபிளை மூடிவிட்டீர்களே. பந்திவிசாரணைக்கு என்று எடுத்த ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் என்ன செய்கிறார்? யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று ஆபிரகாமிலிருந்து தொடங்கிப் பேசுகிறார், அதற்காகக் கல்லெறிபட்டுச் சாகிறார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறார். உங்கள் வேலை கணக்கு மட்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நம் திருநெல்வேலியிலேயே 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்ற அசரியா அன்றைக்குக் குருவானவர் இல்லை, சாதாரண சபையார்தான். 1909-இல்தான் குருப்பட்டம் பெற்றார்.

எங்கள் சேகரத்தில் 11 சபை, ஒரே ஐயர். எங்கள் ஊருக்கு மாதம் ஒரு தடவை திருவிருந்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர்தான், அவருக்கும் மாற்றலாகிவிட்டால் நாங்கள்தான். போன ஐப்பசி மழையில் ஒரு வீட்டில் இளவயசுச் சாவு. ரோடு எல்லாம் தண்ணீர், ஐயர் வந்து சேர விடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உள்ள நாங்கள் நாலு பேர் அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை பாடி, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தோம். அந்த நாலு பேரில் ஒருவர் பேர்கூட இதுவரை எந்தக் கமிட்டிக்கும் வந்ததில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய இடம் வந்தால் மட்டும் யார் வீட்டம்மாவைப் போடலாம் என்று ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

தணிக்கைக்காரன்:
அக்கா, ஸ்தேவான் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பயம் வேறு. வசனமும் பெட்டிச் சாவியும் ஒரே கையில் இருந்தால் அந்த ஆளைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. நன்றாக ஜெபம் பண்ணுகிறவரிடம் பில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கேட்டவனைத்தான் அவிசுவாசி என்பார்கள். என்னைச் சொல்லியிருக்கிறார்கள்.

தேரிக்காட்டு அக்கா:
அது நடக்கத்தான் செய்கிறது, மறுக்க மாட்டேன். சாவியைப் பிரித்து வையுங்கள், இரண்டு கையெழுத்து, மூன்று கையெழுத்து போடுங்கள். ஆனால் மனுஷனைப் பிரிக்காதீர்கள். பனங்காட்டுத் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டியின் பாக்கி எவ்வளவு?

பனங்காட்டுப் பிள்ளை:
மாதம் 20 ரூபாய், 18 மாதம். 360 ரூபாய் அக்கா.

தேரிக்காட்டு அக்கா:
அப்போ 18 மாதமாக அந்த வீட்டுக்கு யாரும் சங்கக் காணிக்கை பிரிக்கப் போகவில்லை. என் அப்பா சபை ஊழியராக இருந்தபோது சங்க நோட்டோடு வீடு வீடாகப் போவார். திண்ணையில் உட்கார்ந்து, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை பரீட்சை எழுதுகிறது என்று விசாரித்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார். கையில் காசு இல்லாதவர்களிடம் கேட்கவும் மாட்டார், நோட்டில் பேரை அடிக்கவும் மாட்டார். அவர் அன்றைக்குப் பார்த்தது கணக்கா, மேய்ப்பா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தம்பி, பாட்டி வீட்டுக்கு அந்த ஆள் போகவில்லை, சரி. அதே தெருவில் இருக்கும் நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்?

பனங்காட்டுப் பிள்ளை:
இரண்டு தடவை. அதில் ஒன்று அவர் இறந்த பிறகு.

கமிட்டிக்கு நிற்பதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, மனு கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் சபை ஊழியரிடம் எங்கள் தெருவுக்கான சங்க நோட்டைக் கேட்டு வாங்கினேன். 22 வீடு. அதில் 7 வீட்டுக்காரர்கள் முகம்கூட எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

தணிக்கைக்காரன்:
ரசீதுப் புத்தகமும் கொண்டுபோங்கள் அண்ணாச்சி, 5 ரூபாய் வாங்கினாலும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை மனுவும் கொடுங்கள், அதில் நான் மாறவில்லை.