அனாட்டமியில் (உடற்கூறியலில்) எப்படித் தேறினீர்கள்? நம்ம நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

சேரன்மகாதேவிக்காரி:
கல்லூரியில் முதல் இன்டர்னல் தேர்வில் எனக்கு நூற்றுக்கு 31. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு காறை எலும்பைக் கையில் கொடுத்து "வலதா, இடதா?" என்று கேட்டதும் வாய் அடைத்துவிட்டது.

அந்த வாரம் சீனியர் அக்காவிடம் போன் செட்டை, அதாவது படிக்க வைத்திருக்கும் மனித எலும்புகளை, இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். ஆச்சி வாசலிலேயே மறித்தாள். "ஏட்டி, செத்தவங்க எலும்பை வீட்டுக்குள்ள கொண்டாராத." சரி என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தேன். உருண்டு தடித்த முனை மார்புப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம். பள்ளம் ஓடுகிற பரப்பு கீழே. மார்புப் பக்கத்து வளைவு முன்னால் புடைத்து நிற்கும். என் தோளில் வைத்தால் ஒரு பக்கம்தான் பொருந்தியது.

கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைப் புரியவைத்தது அப்பா. வயலிலிருந்து வந்தவர் படத்தை எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒரே குழாய்தான்ப்பா, முதல் விலா எலும்பின் வெளி ஓரம் வரைக்கும் சப்கிளேவியன், தாண்டினால் ஆக்சிலரி, டெரிஸ் மேஜர் தசையின் கீழ் ஓரத்திலிருந்து பிரேக்கியல், முழங்கைக்கு முன்பக்கம் ரேடியல், அல்னர் என்று இரண்டாகப் பிரியும் என்றேன். "வாய்க்கால் ஒண்ணுதான், எடத்துக்கு எடம் பேரை மாத்திச் சொல்லுதீய. சரி, மடை எங்கெங்க இருக்கு?" என்றார்.

அதுவரை கிளைகளைத் தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கன்னடியன் கால்வாய் போல ஒரு கோடு இழுத்து மடை வைத்தேன்: ஆக்சிலரியில் மொத்தம் ஆறு. பெக்டொராலிஸ் மைனர் என்ற மார்புத் தசைக்கு முன்னே ஒன்று, அதன் பின்னால் இரண்டு, தாண்டிய பிறகு மூன்று. அப்பாவிடம் ஒப்பிக்கும்போது எங்கே தடுமாறினேனோ, அதுதான் எனக்குத் தெரியாத இடம். இரண்டாவது இன்டர்னலில் 64.

பாளை சித்தா மாணவன்:
எங்களுக்கும் உடற்கூறு உண்டு. எனக்கு வர்மம்தான் (உடம்பில் அடிபட்டால் ஆபத்தான புள்ளிகள்) கை கொடுத்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 சொல்வார்கள். ஒவ்வொரு இடத்தையும் தொட்டுக் காட்டும்போது, அடியில் என்ன தசை, என்ன நரம்பு என்று பிறகு பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசக்‌ஷன் ஹாலில் தேடுவேன். எல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோலுக்கு மேலிருந்து உள்ளே யோசிக்கிற பழக்கம் வந்தது. முழங்கை கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் சுர்ரென்று இழுக்குமே, அதுதான் அல்னர் நரம்பு. உட்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னாடி அமுக்கிப் பாருங்கள், கையில் தட்டுப்படும்.

பின்வரிசை:
எங்கள் பேட்சில் பிணம் கிடத்தியிருக்கும் ஒரு மேஜைக்குக் கூட்டம் அதிகம். நான் மூன்று மாதம் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் படித்தேன். கடைசியில் வகுப்பு முடிந்தபின் அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டு அரைமணி நேரம் தங்க ஆரம்பித்தேன். பிணம் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், மத்தியானச் சோறு இறங்காது. ஆனாலும் பார்த்ததும் பெயர் சொல்ல வேண்டிய ஸ்பாட்டர் தேர்வில் கொடி குத்தியிருந்த நரம்பெல்லாம் முன்பே விரலால் தூக்கிப் பார்த்ததுதான். அது சரி, சேரன்மகாதேவி அக்கா, அந்த போன் செட் இன்னும் இருக்கா?

சேரன்மகாதேவிக்காரி:
சீனியரிடம் திருப்பிக் கொடுத்தாச்சு தம்பி. அந்தத் திண்ணையை ஆச்சி மூணு தடவை மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவினா.